மாத்திரை போட்டியா, தோழர்?

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் நிகழ்த்தப்பட்ட உரை. ஒலிப்பதிவிலிருந்து எழுதப்பட்டது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



என்னைக் கூப்பிட்டப்ப 'தலித் விடுதலையும் பண்பாட்டு அரசியலும்'னு தலைப்புக் கொடுத்திருந்தாங்க. அந்தத் தலைப்புல பலமுறை பேசியாச்சு. நான் பேசுனதையே நான் திரும்பக் கேட்டா எனக்கே கொட்டாவி வரும். இன்னைக்கு வேற ஒண்ணைப் பேசணும்னு கேட்டேன். அமைப்பாளர்கள் ஒத்துக்கிட்டாங்க. கொஞ்சம் தயங்கித்தான் ஒத்துக்கிட்டாங்க. "மாணவர்கள் முன்னாடி இது வேணுமா, தோழர்?"னு ஒருத்தர் கேட்டார். மாணவர்கள் முன்னாடிதான் வேணும்னு சொன்னேன்.

போன வருசம் நம்ம செயற்குழு ஒண்ணுல நடந்ததைச் சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன். ஒரு மாநாட்டுக்கு வசூல் பண்ண பணத்துக்குக் கணக்கு கேட்டேன். ரெண்டு தடவை கேட்டும் பதில் இல்ல. மூணாவது தடவை குரல் உசந்துருச்சு. அப்ப ஒரு மூத்த தோழர், என் மேல பிரியமுள்ளவர்தான், மெதுவா என் பக்கம் சாய்ஞ்சு கேட்டார்: "மாத்திரை போட்டியா, தோழர்?" பக்கத்துல நாலு பேர் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிக்கலைன்னா அதையும் நோயோட சேர்த்துருவாங்க. கணக்கு அப்படியே அமுங்கிப் போச்சு. அடுத்த கூட்டத்துல வேறொரு தோழர், என்னைவிடச் சத்தமா, அதே கணக்கைக் கேட்டார். அவருக்குப் பதில் வந்துச்சு.

மாத்திரை போட்டிருந்தேன், அதுதான் வேடிக்கை.

எனக்கு இருமுனை மனநோய் இருக்கு. பைபோலார்னு சொல்றது. சில காலம் மனசு கட்டுக்கடங்காம மேல ஏறும், சில காலம் எழுந்திருக்க முடியாத அளவுக்குக் கீழ இறங்கும். நடுவுல மாசக்கணக்குல, வருசக்கணக்குலகூட, உங்க மாதிரியே இருப்பேன். கால் நூற்றாண்டுக்கு மேல இதோட வாழ்ந்துக்கிட்டிருக்கேன். இயக்கத்துக்குள்ள பத்துப் பேருக்குத் தெரியும். இன்னைக்கு உங்க எல்லாருக்கும் தெரிஞ்சுருச்சு.

1997ல நான் மதுரையில இளங்கலை ரெண்டாம் வருசம். ஆதிதிராவிடர் நல விடுதியில தங்கியிருந்தேன். சூன் 30 மேலவளவு. பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனையும் அவரோட வந்தவங்களையும் பட்டப்பகல்ல பேருந்தை மறிச்சு வெட்டிக் கொன்னாங்க. நமக்குன்னு ஒதுக்கப்பட்ட பஞ்சாயத்துல நின்னு ஜெயிச்சதுதான் அவர் செஞ்ச குத்தம். அன்னைக்கு ராத்திரி எங்க விடுதி தூங்கல. அதுக்கடுத்த ராத்திரிகளும் தூங்கல. ஒரு வாரம் கழிச்சு மத்தவங்க தூங்க ஆரம்பிச்சாங்க. எனக்குத் தூக்கமே தேவைப்படல.

ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் படுத்தாப் போதும். எழுதுனேன், எழுதுனேன், அப்படி எழுதுனேன். ஒரே ராத்திரியில 40 பக்கம். சாப்பாட்டுக்கு வெச்சிருந்த காசு பூரா தாளுக்கும் மைக்கும் போச்சு. கூட்டத்துல பேசுனா சனம் எழுந்து நின்னு கேட்டாங்க. "நெருப்புடா அவன்"னு அண்ணன்மார்கள் பேசிக்கிட்டாங்க. என் காதுல விழுந்துச்சு. எந்தப் பையனுக்கு அது பிடிக்காது? ஆகஸ்ட்ல ரேடியோச் செய்தி வாசிக்கிறவர் என்கிட்ட மட்டும் ரகசியமா ஏதோ சொல்ல ஆரம்பிச்சார். குற்றவாளிகளை நானே போய்க் கைது செய்யணும்னு உத்தரவு. சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு நடுராத்திரி மேலூர் ரோட்டுல நடந்தேன். ஒத்தக்கடை தாண்டி என்னைப் பிடிச்சவங்க போலீசு இல்ல, விடுதிப் பசங்க நாலு பேர். சைக்கிள்ல தேடி வந்திருந்தாங்க. போலீசு பிடிச்சிருந்தா இந்தக் கதை வேற மாதிரி முடிஞ்சிருக்கும்.

மருத்துவமனை எதுன்னு சொல்லப் போறதில்ல. அங்க ஒரு இளம் டாக்டர் உக்காந்து எல்லாத்தையும் கேட்டார். பொறுமையாத்தான் கேட்டார். ரேடியோ என்கிட்டப் பேசுதுன்னு சொன்னேன், எழுதுனார். கல்லூரியில ஒரு பேராசிரியர் வருகைப் பதிவேட்டுல எங்க ஆளுங்க பேருக்குப் பக்கத்துல மட்டும் புள்ளி வெச்சிருக்கார், அதை வெச்சுத்தான் அகமதிப்பெண் போடுறார்னு சொன்னேன். அதையும் எழுதுனார். ரெண்டையும் ஒரே வரியில எழுதுனார். 'தன்னைப் பலரும் குறிவைப்பதாக நம்புகிறார்.'

மாத்திரை கொடுத்தாங்க. ரேடியோ மூணு வாரத்துல வாயை மூடிக்கிச்சு. அது நோய். அதுல எனக்கு இன்னைக்கும் சந்தேகமே இல்ல.

ஆனா, தோழர்களே, ரேடியோ போனப்ப புள்ளியும் கூடவே போயிருச்சு. அதாவது என் மனசுலேர்ந்து போயிருச்சு. ரேடியோ பொய்யின்னா, புள்ளியும் பொய்தானோ? டீக்கடையில எனக்கு மட்டும் தனியா வெச்சிருந்த கிளாஸ்? அதுவும் என் மூளை செஞ்ச வேலையோ? ஊருக்குள்ள நடக்குறப்ப திண்ணையில பேச்சு நின்னுபோகுமே, அது? இருபது வருசம் என் கண்ணால பார்த்தது ஒவ்வொண்ணும் எனக்குச் சந்தேகமாப் போச்சு. என் உடம்புல ஏறியிருந்த சாதியறிவு மொத்தத்தையும் அந்த ஒரு வரி அழிச்சுருச்சு. சாதி இந்துப் பையன் ஒருத்தனுக்கு இதே நோய் வந்தா ரேடியோ மட்டும்தான் போகும். அவன்கிட்டப் புள்ளி கிடையாது.

ஆறு மாசம் கழிச்சுக் கல்லூரிக்குத் திரும்புனேன். விடுப்பு விண்ணப்பம் கொடுக்க அந்தப் பேராசிரியர் அறைக்குப் போனப்ப பதிவேடு மேசை மேல திறந்து கிடந்துச்சு. புள்ளி இருந்துச்சு. சிவப்பு மை. என் பேருக்கும் இருந்துச்சு. அன்னைக்கு எனக்கு வந்தது கோபமில்ல, தோழர்களே. சந்தோசம். வெளியில வந்து வேப்பமரத்தடியில உக்காந்து அழுதேன். நான் பார்த்தது நிசம். நான் முழுசாப் பைத்தியமில்ல.

இப்ப கதையின் அடுத்த பாதிக்கு வர்றேன். இது மருத்துவமனையைத் திட்டுறதை விடக் கஷ்டமானது. ஏன்னா இது நம்மளைப் பத்தினது.

புள்ளிக் கதையை எங்க வாசகர் வட்டத்துல சொன்னேன். வட்டம் குதிச்சுருச்சு. 90கள்ல நாம படிச்சதெல்லாம் உங்களுக்குக் கேள்விப்பட்டிருக்கும். பூக்கோ 1961ல பைத்தியத்தின் வரலாற்றை எழுதினார். அதைப் பத்தி யாரோ எழுதின அறிமுகக் கட்டுரையை நாங்க படிச்சோம். பைத்தியம் என்பது அதிகாரம் கட்டமைச்ச சொல்லாடல், பகுத்தறிவின் வன்முறை, இப்படி. தப்புன்னு சொல்லல. ஆனா அதை என் மேல வெச்சுப் பார்த்தாங்க. "சமூகத்துக்குத்தான் பைத்தியம், உனக்கில்ல. உன் கலகத்தை மழுங்கடிக்கத்தான் இந்த மாத்திரை. தூக்கிப் போடு"ன்னாங்க. எனக்கும் அது இனிச்சுச்சு. மாத்திரை போட்டா 40 பக்கம் வராது. கை லேசா நடுங்கும். மேடையில தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கணும். நெருப்புன்னு பேர் வாங்கினவனுக்கு இது பெரிய இழப்பு. 1999ல நிறுத்திட்டேன்.

மறுபடியும் ஏறுச்சு, அப்புறம் இறங்குச்சு. ஏறினதைச் சொல்லிட்டேன். இறங்குனதைச் சொல்ல வார்த்தை கம்மி. எங்க வீட்டுக் கயித்துக் கட்டில்ல நாலு மாசம். பல் விளக்கல. அம்மா காலையில களை வெட்டப் போறதுக்கு முன்னாடி கஞ்சி வெச்சுட்டுப் போகும். சாயந்தரம் வந்து பார்த்தா அது அப்படியே ஈ மொய்ச்சுக் கிடக்கும். அம்மா திட்டாது. அந்தக் கஞ்சியைக் குடிச்சுட்டு, சுடுகஞ்சி வெச்சுக் கொடுக்கும். உயிரோட இருக்கணுமான்னு யோசிக்கிற இடம் வரைக்கும் போனேன், அதுக்கு மேல விவரிக்கல. மாத்திரையைத் தூக்கிப் போடச் சொன்ன வாசகர் வட்டம் அந்த நாலு மாசத்துல ஒருநாள்கூட வரல. அவங்க கெட்டவங்கன்னு சொல்லல, நெருப்பைப் பார்க்க வந்தவங்களுக்குச் சாம்பலை என்ன செய்யிறதுன்னு தெரியல. வந்தது விடுதித் தோழன் ஒருத்தன். சைக்கிள்ல ஒத்தக்கடை வந்த நாலு பேர்ல ஒருத்தன். "வா மாப்ள, டாக்டரைப் பார்ப்போம். புள்ளியை அப்புறம் பார்த்துக்கலாம்"னான்.

மருத்துவமனை என்னை முழு நோயாளி ஆக்குச்சு. இயக்கம் என்னை முழுக் கலகக்காரன் ஆக்குச்சு. ரெண்டு பக்கமும் எனக்குன்னு ஒண்ணும் மிச்சம் வெக்கல. நான் அப்பப்பக் கிரிக்கெட் பார்க்கிறவன், கருவாட்டுக் குழம்பு நல்லா வெக்கிறவன், அக்கா மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன். இதெல்லாம் ரெண்டு கோப்புலயும் கிடையாது.

மருத்துவத்து மேல நமக்கு இருக்கிற சந்தேகம் காரணமில்லாத சந்தேகமில்ல. அமெரிக்காவுல 1851ல கார்ட்ரைட்னு ஒரு டாக்டர் புது நோய் ஒண்ணைக் கண்டுபிடிச்சார். டிராப்டோமேனியான்னு பேர் வெச்சார். கறுப்பின அடிமைகள் எசமானை விட்டுட்டு ஓடுறாங்களே, அந்த ஓட்டம்தான் நோய். சிகிச்சை என்ன தெரியுமா? சவுக்கு. அது பழைய கதைன்னு சொல்லாதீங்க. 1974ல அதே அமெரிக்காவுல மனநல மருத்துவர்கள் படிக்கிற ஒரு ஆய்விதழ்ல ஹாலோபெரிடால் மருந்துக்கு விளம்பரம் வந்துச்சு. படத்துல ஒரு கறுப்பின ஆள், முட்டி மடக்கின கை. முட்டி மடக்கின கைன்னா அந்தக் காலத்துல என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியும். அந்தக் கைக்குத்தான் மருந்து.

இவ்வளவும் தெரிஞ்ச ஒருத்தர் இருந்தார். ஃபனான். கறுப்பர், மனநல மருத்துவர், புரட்சிக்காரர். நம்மாளுங்க அவரை வன்முறை பத்தி மட்டும் எழுதினவரா நினைச்சுக்கிட்டிருக்காங்க. 1953லேர்ந்து 1956 வரைக்கும் அல்ஜீரியாவுல பிளிதாங்கற ஊர் மருத்துவமனையில வேலை பார்த்தார். அல்ஜீரியர்களோட மூளையே வளர்ச்சி குறைஞ்சதுன்னு பிரெஞ்சு மருத்துவர்கள் பாடம் நடத்திக்கிட்டிருந்த காலம். அதை எதிர்த்து எழுதினார். காலனியம்தான் மனுசனை உடைக்குதுன்னு சொன்னார். ஆனா உடைஞ்சு வந்தவன்கிட்ட 'நீ நோயாளியில்ல, போ'ன்னு சொல்லல. மருந்தும் கொடுத்தார், மின் அதிர்ச்சி சிகிச்சையும் கொடுத்தார். மருத்துவமனைக்குள்ள கால்பந்து மைதானம், காப்பிக் கடை, நோயாளிகளே நடத்துற பத்திரிகை. அப்புறம் துனிஸ் நகரத்துல பகல் மருத்துவமனை ஒண்ணை நடத்தினார். பகல்ல சிகிச்சை, ராத்திரி வீடு. ராத்திரி வீட்டுக்குப் போறவன் அங்க அப்பனா, புருசனா, பக்கத்து வீட்டுக்காரனா இருப்பான். 24 மணி நேரமும் நோயாளியா இருக்க அவனுக்கு நேரம் கிடைக்காது. ஃபனான் எழுதினதுலயே எனக்கு அந்தப் பகல் மருத்துவமனைதான் ரொம்பப் பிடிச்சது. அது புத்தகமில்லைன்னாலும்.

2016 சனவரி 17 இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும். ரோகித் வேமுலா. உதவித்தொகை நின்னுச்சு, விடுதியிலேர்ந்து வெளியேத்துனாங்க, வெளியில கூடாரம் போட்டு இருந்தாங்க. அப்புறம் அரசு அமைச்ச ஒருநபர் ஆணையம், காரணம் அவரோட தனிப்பட்ட விரக்தின்னு அறிக்கை எழுதுச்சு. பல்கலைக்கழகத்தையும் சாதியையும் குற்றவாளிக் கூண்டுலேர்ந்து இறக்கிவிட 'மனசு' எவ்வளவு வசதியா உதவுச்சு பாருங்க. நாம தெருவுக்கு வந்து எதிர்த்தோம். சரிதான். ஆனா அந்தக் கூட்டங்கள்ல நம்ம மேடையிலேர்ந்து ஒரு பதில் திரும்பத் திரும்ப வந்துச்சு. "எங்க தோழன் மனநோயாளியல்ல, போராளி." கைதட்டல். நானும் தட்டினேன். தட்டிக்கிட்டே, என் பைக்குள்ள இருந்த மாத்திரை அட்டையை நினைச்சேன். அப்ப நான் யாரு? கூட்டத்துல என்னை மாதிரி இன்னும் எத்தனை பேர் தட்டினாங்களோ. ரோகித்தோட மனசுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு பேச எனக்கு உரிமையில்ல. நான் கேக்கிறது நம்ம வாக்கியத்தைப் பத்தி மட்டும். மனசு உடைஞ்சவன் போராளியா இருக்க முடியாதுன்னு அந்த வாக்கியம் சொல்லுது. ஒருத்தன் மனசு உடைஞ்சிருந்தாலும் உடைச்சவன் குற்றவாளிதான். உடையாத மனசு இருந்தாத்தான் நமக்கு நியாயம் கிடைக்கும்னு யார் சொன்னது?

மொழியைக் கவனிங்க. தமிழ்ல எனக்குக் காய்ச்சல்னு சொல்றோம். அவருக்குச் சர்க்கரைன்னு சொல்றோம். 'அவர் காய்ச்சல்'னு யாரும் சொல்றதில்ல. ஆள் ஒரு பக்கம், நோய் ஒரு பக்கம், நடுவுல ஒரு 'கு' நிக்குது. மனநோய் வந்தா மட்டும் அந்தக் 'கு' காணாமப் போயிருது. அவன் பைத்தியம். அவ லூசு. அவன் மெண்டல். ஆளே நோயாயிடறான். இதே இலக்கணம் இன்னொரு இடத்துலயும் இருக்கு. சாதி. அங்கயும் ஆளே அதுவாயிடறான், பேர்கூடத் தேவைப்படாது. நமக்கு இந்த இலக்கணம் பழக்கம். இதை உடைக்கவும் நமக்குத்தான் பழக்கம்.

ஆனா எங்கம்மாவோட மொழி வேற. அது பள்ளிக்கூடம் போனதில்ல. பக்கத்து வீட்டுக்காரங்க கேட்டா, "எம்புள்ளைக்குக் கொஞ்சம் பிடிச்சிருந்துச்சு, இப்ப விட்டுருச்சு"ன்னு சொல்லும். பிடிச்சது விடும். விட்டது திரும்பப் பிடிக்கலாம், அப்பவும் விடும். புள்ளை எங்க போகப்போறான், இங்கதான் இருப்பான். பேய் பிசாசு நம்பிக்கையிலேர்ந்து வந்த பேச்சுதான், நான் பகுத்தறிவாளன், ஒத்துக்கிறேன். ஆனா என்னையும் என் நோயையும் தனித்தனியா வெச்ச முதல் ஆள் எங்கம்மாதான்.

ஊர்ப் பேரையும் பாருங்க. கீழ்ப்பாக்கம்னா ஒரு பகுதியோட பேர். சினிமாவுல அதைச் சொன்னாலே சனம் சிரிக்கும். ஏர்வாடி, குணசீலம் இதெல்லாம் வசவாயிருச்சு. சேரிங்கறது எப்படி வசவாச்சோ அதே வழி. ஆளை ஒரு இடத்துல அடைச்சு வெக்கிறது, அப்புறம் அந்த இடத்தையே ஆளுக்குப் பேரா வெக்கிறது. ஏர்வாடியில 2001 ஆகஸ்ட் 6 விடியக்காலையில தீப்பிடிச்சப்ப 28 பேர் செத்தாங்க. சங்கிலியில கட்டிப்போட்டிருந்ததால ஓட முடியல. சங்கிலியில இருந்தவங்க எல்லாருக்கும் பேர் இருந்துச்சு, தொழில் இருந்துச்சு, சிலருக்குப் புள்ளைங்க இருந்தாங்க. செய்தியில 'மனநோயாளிகள் பலி'ன்னு வந்துச்சு.

என்கிட்ட ஒரு பிளாஸ்டிக் பை இருக்கு. உள்ள அரசாங்கம் என்னைப் பத்தி எழுதிக் கொடுத்த ரெண்டு தாள். ஒண்ணு தாசில்தார் கொடுத்த சாதிச் சான்றிதழ். இன்னொண்ணு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ். ரெண்டாவதை வாங்கலாமா வேணாமான்னு மூணு வருசம் யோசிச்சேன். வாங்கினா ஆயுசுக்கும் முத்திரைன்னு பயம். அப்புறம் தோணுச்சு, முதல் தாளை நாம எப்படி வெச்சிருக்கோம்? அது நம்ம நெத்தியில இல்ல, பைக்குள்ள இருக்கு. உரிமை கேக்க எடுப்போம், கேட்டு முடிஞ்சதும் உள்ள வெப்போம். அதை வெச்சிருக்கிறதால நான் அவன் சொல்ற 'நான்' ஆயிடல. ரெண்டாவதையும் அப்படியே வெச்சுக்கிட்டேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்கிற 21 வகையில மனநோயும் ஒண்ணு, 40 சதவீதத்துக்குக் குறையாம இருந்தா அரசு வேலை இடஒதுக்கீட்டுல பங்கு கேக்கலாம். இடஒதுக்கீடு வாங்கறதுக்கு நாம வெக்கப்பட்டதுண்டா?

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தோட 3வது பிரிவை மாணவர்கள் கட்டாயம் படிக்கணும். ஒருத்தரோட அரசியல், பொருளாதார, சமூக நிலையை வெச்சு அவருக்கு மனநோய்னு தீர்மானிக்கக் கூடாதுன்னு அதுல இருக்கு. ஊர் ஒழுக்கத்துக்கு ஒத்துப்போகலைங்கறதை வெச்சும் தீர்மானிக்கக் கூடாது. மனநோய்னு முடிவு பண்ணிட்டாலேயே அவர் சித்தசுவாதீனம் இல்லாதவர்னு அர்த்தமில்லைன்னும் சொல்லுது. அதுக்கு நீதிமன்றம் தனியாச் சொல்லணும். எங்க செயற்குழுவுக்கு இந்தப் பிரிவை நகலெடுத்துக் கொடுத்தேன்.

நடைமுறைக்கு வர்றேன். புள்ளி எது, ரேடியோ எதுன்னு எப்படிப் பிரிக்கிறது? என்கிட்ட ஒரு நோட்டு இருக்கு. 40 பக்கப் பள்ளிக்கூட நோட்டு. இடது பக்கம் என்ன நடந்துச்சுன்னு எழுதுவேன், யார் எங்க எப்ப என்ன சொன்னாங்கன்னு. வலது பக்கம் முந்தின ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினேன்னு எழுதுவேன். அவ்வளவுதான். ஏழு மணி நேரம் தூங்கின மறுநாள் ஒருத்தர் என்னை அவமானப்படுத்தினார்னா அது அவமானம்தான், கேட்டே தீருவேன். மூணு மணி நேரம் தூங்கின நாலாம் நாள் உலகமே எனக்குச் சைகை காட்டுதுன்னா, அந்தப் பக்கத்தை மடிச்சுட்டுத் தோழனுக்குப் போன் போடுவேன். அவன் வந்து படிப்பான். "மாப்ள, இது நிசம். இது நிசம். இது ரேடியோ"ம்பான். அவன் இப்ப வேற மாவட்டத்துல வாத்தியார். அவன் சொல்லி ரெண்டு தடவை சண்டை போட்டிருக்கேன். ரெண்டு தடவையும் அவன்தான் சரி. ஒரு தடவை நான் ரேடியோன்னு விட்டுட்ட ஒண்ணை அவன் விசாரிச்சு, "இல்லடா, அந்த ஆள் நிசமாவே உன் பேரை வெட்டியிருக்கான்"னு சொன்னதும் உண்டு. எல்லாருக்கும் இப்படி ஒருத்தன் கிடைக்க மாட்டான், தெரியும். இயக்கம்னு ஒண்ணு இருக்கிறது அதுக்குத்தானேன்னு சில நேரம் தோணும்.

மருந்தைப் பத்தி ஒரு வார்த்தை. எனக்குக் கொடுக்கிறது லித்தியம். அது ஒரு உப்பு. 1949ல ஆஸ்திரேலியாவுல கேட்ங்கற மருத்துவர் இது மனக்கொந்தளிப்பை அடக்குதுன்னு கண்டார். நல்ல மருந்து, ஆனா அளவு கொஞ்சம் கூடினாலும் விஷம். அதனால அப்பப்ப ரத்தப் பரிசோதனை, சிறுநீரகம், தைராய்டு எல்லாம் பார்க்கணும். வேர்த்து உடம்புல தண்ணியும் உப்பும் குறைஞ்சா, சிறுநீரகம் லித்தியத்தை வெளிய விடாமப் பிடிச்சு வெச்சுக்கும், ரத்தத்துல அளவு ஏறும். "வெயில்ல ரொம்ப நிக்காதீங்க"ன்னு டாக்டர் சொன்னார். எங்க ஊர்ல வெயில்ல நிக்காம யார் சோறு திங்கிறது? கதிர் அறுக்கிற, செங்கல் சூளையில நிக்கிற நம்ம ஆளுக்கு இதை எழுதிக் கொடுக்கிறப்ப, என்ன வேலை பார்க்கிறேன்னு டாக்டர் கேக்கணும். கேக்கலைன்னா நீங்க சொல்லணும். வாந்தி, தள்ளாட்டம், நடுக்கம் அதிகமாச்சுன்னா அன்னைக்கே ஓடணும். சாதியும் மாத்திரையும் வேற வேற இல்லைன்னு இந்த ஒரு எடத்துல சத்தியமாச் சொல்லலாம்.

நிறுத்தணும்னு தோணினா டாக்டர்கிட்டச் சண்டை போடுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. வாசகர் வட்டம் சொல்லி நிறுத்தவே நிறுத்தாதீங்க. ராத்திரியில யாரும் இல்லைன்னா 14416க்குக் கூப்பிடுங்க. அரசாங்க எண், தமிழ்ல பேசுவாங்க, காசில்ல.

கடைசியா செயற்குழு விசயம். அந்த மூத்த தோழரை அப்புறம் தனியாப் பார்த்தேன். ரொம்ப வருத்தப்பட்டார். "அக்கறையிலதான் கேட்டேன், தம்பி"ன்னார். எனக்குத் தெரியும்ணே. அக்கறையிருந்தா சனிக்கிழமை சாயந்தரம் டீ குடிக்கிறப்பக் கேளுங்க, தூக்கம் வருதான்னு கேளுங்க, நான் பதில் சொல்றேன். கணக்கு கேக்கிறப்ப மட்டும் கேக்காதீங்க. அவர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "எனக்கும் ரெண்டு வருசமாத் தூக்கம் வர்றதில்ல"ன்னார். யாருகிட்டயும் சொல்லலையாம். ஏன்னு கேட்டேன். "சொன்னா அப்புறம் நான் பேசுறதை எவன் கேப்பான்?"

அவரைக் கூட்டிக்கிட்டு அடுத்த வாரம் டாக்டர்கிட்டப் போறேன். இந்த விசயத்தை இங்க சொல்ல அவர்கிட்டக் கேட்டுட்டுத்தான் வந்தேன். பேர் வேணாம்னார், வெக்கல. அந்த மாநாட்டுக் கணக்குல இன்னும் ஒரு ரசீது வரவேண்டியிருக்கு, அதையும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

மணி எட்டாகப் போகுது. கிராமத்துக்குப் போறவங்களுக்குக் கடைசி பஸ் எட்டே முக்காலுக்கு. கேள்வி இருந்தா இப்பக் கேளுங்க. மைக்ல கேக்கச் சங்கடமா இருந்தா வெளியில டீ இருக்கு, அங்க நிக்கிறேன். ஒன்பதுக்குள்ள விட்டுருங்க, சாப்பிட்டு மாத்திரை போடணும்.